லாடத்தில் இல்லாத குறை

வெள்ளைக்காரர் ஆட்சியில் நான் ஆரப்பாளையத்தில் குதிரைகளுக்கு லாடம் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வருவாய் அதிகாரி ஒருவர் வந்து, தன் குதிரை அடிக்கடி இடறுவதற்கு என் லாடம்தான் காரணம் என்று நாலு பேர் முன்னால் திட்டினார். கழற்றி மறுபடி அடித்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அதே புகாருடன் வந்தார்.

லாடத்தில் குறையில்லை என்பது எனக்கு முதல் நாளே தெரியும். அவர் குதிரையின் கழுத்துமேல் கவிழ்ந்தாற்போல உட்காருவார். பாரம் முழுக்க முன்னங்கால்களில் இறங்கினால் அது இடறாமல் என்ன செய்யும்? அதிகாரியிடம் சொல்லப் பயந்து சும்மா இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அவர் புகாரைச் சொல்லிவிட்டுக் கிளம்பும்போது என் கண்ணெதிரே குதிரை இடறியது. அவர் சாட்டையால் அதன் முகத்திலேயே விளாசினார். ஓடிப்போய்க் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அதை ஏன் எசமான் அடிக்கிறீக? நெஞ்சை நிமித்தி உக்காருங்க. அம்புட்டு பாரத்தையும் முன்னால போட்டா அது எப்படி நடக்கும்?"

"எனக்கே சொல்லித் தாரியா?" என்று கத்தினார். ஆனாலும் நிமிர்ந்தார். தெருக்கோடிவரை குதிரை ஒரு தடவைகூட இடறவில்லை. அவர் திரும்பியும் பார்க்காமல் போய்விட்டார்.

அவர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் உண்டு. அதைவிட என்மேல்தான் அதிகம். நான் வாய் திறக்காத அந்த மூன்று நாளும் அடி வாங்கியது அந்தக் குதிரைதானே.