தரணிக்கு விழுந்த நீலம்

2024 ஜூலை ஒன்பதாம் தேதி வரை ஷோபா பின்னணி நிறத்தை மாற்றிப் போட்டதே இல்லை.

புத்தூர் ரயில் நிலையச் சாலையில் பன்னிரண்டு வருடமாக ஸ்டூடியோ நடத்துகிறாள். படத்தில் ஆளுக்குப் பின்னால் இருக்கிற சுவர், பந்தல், கூட்டம் எல்லாவற்றையும் கணினியில் வெட்டி எடுப்பதுதான் பாதி வேலை. ஆள் உயிரோடு இருந்தால் பின்னால் வெள்ளை. பாஸ்போர்ட்டுக்கும் ஹால் டிக்கெட்டுக்கும் போகும். இறந்தவர் என்றால் வெளிர்நீலம், தலையைச் சுற்றி ஓர் ஒளிவட்டம்; காரியத்தன்று மாலை போட. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். நீலத்தைப் பார்த்தால் பெயரைக் கேட்கமாட்டார்கள், எப்போது என்றுதான் கேட்பார்கள்.

அன்று ஜெகநாதனும் அவர் மனைவி செங்கமலமும் வந்தார்கள். மகன் தரணிக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் கம்பெனி வேலை. ஷிப்ட் முடிந்து தடாவில் பஸ் ஏறப் போனவன் மூன்று வாரமாக வீடு திரும்பவில்லை. போன் அணைந்து கிடக்கிறது. ‘காணவில்லை’ நோட்டீசுக்கு ஒரு படம் வேண்டும். தரணிக்குத் தனியாகப் படம் எடுத்துக்கொள்வதே பிடிக்காது. வீட்டில் இருந்தது உறவுக்காரக் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ ஒன்றுதான்.

“நல்லா வெட்டிக் குடும்மா. போன வருஷம் எங்க அண்ணனுக்கும் நீதான் போட்ட. உயிரோட இருக்கசொல்ல கூட அந்தாளு அவ்ளோ செவப்பா இல்ல” என்றார் ஜெகநாதன்.

“இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? வாய மூடிக்கினு இருய்யா” என்றாள் செங்கமலம்.

ஷோபா பொத்தானை அமுக்கினாள். மென்பொருள் தானாகவே ஆளைக் கண்டுபிடித்துப் பின்னணியை அழிக்கும். அழித்தது. மணமக்கள் இருந்தார்கள். பெரியப்பா மகன் தீனா இருந்தான். தரணி இல்லை. அவனைச் சுவரோடு சேர்த்து அழித்திருந்தது. தீனாவின் தோளில் அவன் போட்டிருந்த கை மட்டும் மணிக்கட்டு வரை மிச்சம்.

மறுபடி அமுக்கினாள். அதேதான். தரணியை மட்டும் கட்டத்துக்குள் நிறுத்தி அமுக்கினாள். திரை காலியானது.

“இன்னாம்மா ஆச்சு?” என்றாள் செங்கமலம்.

“ஒண்ணுமில்லக்கா. படத்துல வெளிச்சம் கம்மி. கையாலயே வெட்டிடறேன்.”

காது மடல், முடி, சட்டைக் காலர் என்று ஓரம் பிடித்து வெட்டினாள். கல்யாணக் கூட்டத்தில் சிரித்துக்கொண்டிருந்தவன், கூட்டத்தை எடுத்ததும் சிரிக்கிற மாதிரி இல்லை. வெள்ளைக்கான விசையைத் தட்டினாள். வெள்ளையைத்தான் தட்டினேன் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்கிறாள்.

திரையில் வெளிர்நீலம் பரவியது. தரணியின் தலையைச் சுற்றி வட்டம் மெல்ல வெளிச்சமானது.

மூன்று பேரும் பார்த்தார்கள். ஷோபா அவசரமாக வெள்ளைக்கு மாற்றினாள்.

“கை தவறிடுச்சுக்கா.”

“யாரு கை?” என்றாள் செங்கமலம்.

ஷோபா பிரிண்டரில் தாளைச் செருகினாள்.

“அதான் மாத்திட்டாளே, வாங்கிக்கினு போலாம் வா” என்றார் ஜெகநாதன்.

“வெட்டின படம் எனக்கு வேணாம். எம்புள்ளைய தனியா நிறுத்தாதம்மா. எல்லாரோடயும் எப்படி நின்னுக்கினு இருந்தானோ, அப்படியே குடு.”

“கூட்டத்துல மூஞ்சி தெரியாதேக்கா. பஸ் ஸ்டாண்டுல பாக்கறவங்க இதுல யாருன்னு எப்படி கண்டுபிடிப்பாங்க?”

“தலையச் சுத்தி ஒரு ரவுண்டு போட்டா தெரிஞ்சிடும்” என்றார் ஜெகநாதன். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

“ரவுண்டு வேணாம்” என்றாள் செங்கமலம். “அம்புக்குறி போடு.”

நோட்டீஸ் அப்படியே அச்சானது: மணமக்கள், தீனா, நடுவில் தரணி, அவன் மேல் சிவப்பு அம்புக்குறி. தடாவிலும் சத்தியவேட்டிலும் ஒட்டியாயிற்று.

வெட்டிய படத்தை ஷோபா அழிக்கவில்லை. அழிக்க மனம் வரவில்லை. வெள்ளையில்தான் சேமித்து வைத்தாள். தினமும் காலையில் திறந்தால் நீலமாக இருக்கிறது. மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடுகிறாள்.

வருகிற வெள்ளிக்கிழமை செங்கமலம் நாயுடுபேட்டைக்கு நோட்டீஸ் ஒட்டப் போகிறாள். ஷோபா கடையைப் பூட்டிவிட்டுப் பசை வாளியோடு கூடப் போகிறாள்.