பாதி முகத்துக்கு மட்டும் நுரை

என் வீட்டுக்காரரின் அண்ணன் ரிட்டயர் ஆன பஸ் டிரைவர். சட்டை கசங்கியிருந்தாலும் பரவாயில்லை, முகத்தில் ஒரு முடி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது அவருக்கு. மனைவி இறந்த பிறகு எங்களோடுதான் இருக்கிறார். பக்கவாதம் வந்து, வலது கை ஒரு மாதிரி தேறிவிட்டது. வேலை செய்யும், ஆனால் ஆமை வேகம். சாப்பிட அது போதும். சவரத்துக்குத்தான் போதவில்லை.

பிரஷ்ஷால் முகம் முழுக்க நுரையை அப்பிக்கொண்டு ஆரம்பிப்பார். வலது கன்னம் முடிவதற்குள் இடது கன்னத்து நுரை சுண்ணாம்பு மாதிரி காய்ந்து ஒட்டியிருக்கும். அதன்மேல் பிளேடை இழுத்தால் என்ன ஆகும்? வெட்டுப்பட்ட இடங்களில் பேப்பர் துண்டுகளை ஒட்டிக்கொண்டு சாப்பிட வந்து உட்காருவார். கேட்டால் சோப்பு சரியில்லை என்பார். சோப்பையும் மாற்றிப் பார்த்தாயிற்று. வெட்டு மாறவில்லை.

ஒருநாள் அவர் மகள் வந்தாள். அப்பா முகத்தைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டாள்.

“என்னப்பா இது, பூனை பிறாண்டின மாதிரி? பேட்டரி ரேசர் வாங்கித் தந்தேன்ல, அது எங்க?”

“அலமாரியில நல்லா தூங்குது. அத வச்சா மூஞ்சியில வண்டு ஊர்ற மாதிரி இருக்கு.”

“ஞாயித்துக்கிழமை வருவேன். ஒரு வெட்டு இருந்தாலும் பிளேடு குப்பைக்குப் போயிடும். சித்தி, நீங்கதான் சாட்சி.”

நல்ல வேலை கொடுத்தாள் எனக்கு. அவள் போன பிறகு மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. சட்டைப் பட்டன் போடக்கூட யாராவது வர வேண்டியிருக்கிறது. தன் கையால் செய்துகொள்வதென்று மிச்சமிருந்தது இது ஒன்றுதான்.

“நான் வேணா வழிச்சு விடட்டுமா அத்தான்?”

“மீன் செதில் சுரண்டுற கை உன்னுது. வேண்டாம் தாயே.”

வாய்க்கு மட்டும் பக்கவாதம் வரவில்லை.

மறுநாள் காலை அடுப்பை அணைத்துவிட்டு, அவர் சவரம் செய்வதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அவரால் ரொம்ப நேரம் நிற்க முடியாது. அதனால் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு நேர் மேலே ஃபேன். ஈரத்துணியைப் போட்டால் காய்ந்துவிடும் இடம், நுரை நிற்குமா? முதலில் ஃபேனை நிறுத்தினேன்.

“எதுக்கு மூஞ்சி முழுக்க ஒரே தடவையில பூசுறீங்க?”

“டிப்போவுல எடுக்கும்போதே டாங்க்கை நிரப்பிடணும்மா. நடுவழியில நிக்கிற பேச்சே என்கிட்ட கிடையாது.”

“அது பஸ்ஸு. இது கன்னம். நின்னு நின்னுதான் போகணும்.”

முறைத்தார். நான் விடவில்லை. நுரை ஆறாமல் இருக்கக் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தேன். ஒரு கன்னம் பூசி, வழித்து, அப்புறம் அடுத்த கன்னம். நடுவில் காய்ந்தால் பிரஷ் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு மறுபடி தடவ வேண்டும். அவர் பிரஷ்ஷை முழுசாக முக்கியெடுத்தார். நுரை மோராகிக் கழுத்தில் ஓடியது.

“மாவு பிசையறப்போ சொம்போடயா கவுப்பாங்க? தெளிங்க!”

இரண்டாம் தடவை கன்னங்கள் சுத்தமாக வந்தன. தாடைக்கு அடியில்தான் தகராறு. பிரஷ்ஷைக் கீழே வைத்து, ரேசரை எடுத்து, தலையை நிமிர்த்துவதற்குள் அங்கே நுரை செத்துவிடும். நான் பூசிவிடுகிறேன் என்றால் கிட்டவே சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் சவரத்தில் இருக்கும்போதே மகள் வந்துவிட்டாள். வாசற்படியிலேயே நின்றாள். இரண்டு கன்னமும் பளிச்சென்று இருந்தன. மீசை இடமும் முடிந்தது. தாடைக்கு அடியில் ஒரு இழுப்பு இழுத்தார். சிவப்பாக ஒரு புள்ளி எழும்பியது.

அவர் ரேசரை மகளிடம் நீட்டினார்.

“இந்தா. சொன்ன சொல்லு சொல்லுதான்.”

அவள் ரேசரைத் தொடவில்லை. கீழே கிடந்த பிரஷ்ஷை எடுத்து, நுனியைத் தண்ணீரில் தொட்டு, கிண்ணத்தில் சுழற்றினாள்.

“தலைய நிமித்துங்கப்பா. காயறதுக்குள்ள வழிங்க.”

“எனக்கே சொல்லித் தர்றியா?” என்றார். ஆனால் தலையை நிமிர்த்தினார்.

அவள் பூசப் பூச அவர் வழித்தார். ஆறிப்போன வெந்நீரை மாற்ற நான் உள்ளே போனேன்.