அண்ணன் கடையில் புரட்டாசி

“கோழி பொரிக்கிற கடையில நிக்கத்தான் ஒன்ன காலேஜுக்கு அனுப்புனாங்களா?” மேல்பட்டாம்பாக்கம் பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும்படி மாமா ஒருநாள் கேட்டார். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் என் படிப்பைப் பற்றிப் பேச ஊரில் எல்லோருக்கும் உரிமை உண்டு.

இன்று காலை கடலூர் மஞ்சக்குப்பத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, எங்கிருந்தோ மிளகும் சூடான எண்ணெயும் கலந்த வாசனை வந்தது. கால் தானாக அந்த மூலைக்குப் போய்விட்டது. இப்போது அங்கே செல்போன் கடை.

அன்று அது அண்ணன் கடை. அண்ணன் என்றால் கபடி அண்ணன். நம் மாவட்டத்து மண்ணில் விளையாடி, டிவியில் நாம் கத்திக் கத்திப் பார்க்கும் அளவுக்கு வளர்ந்தவர். அவர் பணம், அவர் பெயர், சுவர் முழுக்க அவர் தொடை தட்டும் படம். வந்தவர்களில் பாதிப் பேர் அதன் பக்கத்தில் நின்று தாங்களும் தொடை தட்டிவிட்டுத்தான் கோழி வாங்குவார்கள். கல்லூரி விட்டதும் நான் கவுண்டருக்கு வந்துவிடுவேன். பொரிந்ததும் தானே கீச்சிட்டுக் கூப்பிடும் பிரையர் மெஷினைப் பற்றி அம்மாவிடம் மூன்று நாள் பேசினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் திறந்த கடை. பின்னாலேயே புரட்டாசி நிற்பதை யாரும் யோசிக்கவில்லை. கூட்டம் அப்படியே அறுந்துபோயிற்று. மானேஜர் காலிபிளவர் போடச் சொன்னார். “இந்த மாசம் ஓடலன்னா மூடிடுவாங்க” என்றும் சொன்னார். மூடினால், இந்தச் சம்பளத்தில் ஓடும் என் கடைசி வருஷப் படிப்பும் அதோடு நிற்கும்.

ஒரு சனிக்கிழமை, திருவந்திபுரம் கோயிலுக்குப் போய்விட்டு வந்த ஓர் அம்மா கேட்டார்: “ஏம்மா, கோழி பொரிச்ச எண்ணெயிலயா இதையும் போடுறீங்க?”

இல்லை என்று சொல்லச் சொல்லி மானேஜர் கண்ணைக் காட்டினார். என் வாயில் வந்தது, “ஆமாங்கம்மா.”

அவர் போனார். வரிசையில் நின்ற நாலு பேரும் போனார்கள்.

“அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணா நீ? நாளையிலேர்ந்து வராத” என்றார் மானேஜர்.

“யாரு வரக் கூடாது?” வாசலில் அண்ணன். சுவர்ப் படத்தைவிடப் பெரிதாக இருந்தார். எத்தனையோ முறை முறிந்த விரல்கள், ஒவ்வொன்றும் ஒரு திசையில் வளைந்திருந்தன. நடந்ததைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். “அந்தம்மா திரும்பி வரணும்னா என்னா பண்ணணும்?”

“வேற பிரையர், வேற எண்ணெய், வேற கரண்டிண்ணா. ஜனங்க கண்ணுக்கு எதிர்லயே பொரிக்கணும்.”

“அவ்ளோதானா? சார், பொண்ணு இங்கயே நிக்கட்டும். நீங்க போயி பிரையர் வாங்கியாங்க.”

அடுத்த சனிக்கிழமை கண்ணாடிக்குப் பின்னால் அண்ணனே நின்று பொரித்தார். எதிரணி ஏழு பேரைக் கலங்கடித்த மனிதர், காலிபிளவரை உடையாமல் எடுக்கத் தெரியாமல் என்னிடம் திட்டு வாங்கினார்! வரிசை தெருமுனை வரை நின்றது. அந்த அம்மாவும் வந்தார், மருமகளோடு.

நான் பட்டம் வாங்கும்வரை கடை நடந்தது. பிறகு அண்ணனுக்கு முழங்கால் போயிற்று. ஆட்டம் நின்றது, கடையும் நின்றது. செல்போன் கடைப் பெண்ணிடம் கேட்டேன். இங்கே அப்படியொரு கடை இருந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

சிதம்பரம் பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். ரயிலடிப் பக்கம் என் பெயரில் எடுத்திருக்கும் கடையில் நேற்றே வேலை தொடங்கிவிட்டது. இரண்டு பிரையருக்குமான புகைக்குழாய்க்காகக் கொத்தனார் சுவரை உடைத்தாயிற்று.