ஏழாவது பன்றி

சிலோன் கலவரத்துக்குத் தப்பி மனைவியோடு வந்து, மன்னவனூர் கேரட் தோட்டத்தில் பதினாறு வருடம் காவலிருந்த வீரையாவுக்கு 2008-இல் பதவி உயர்வு கிடைத்தது. முதலாளி தனசேகர் காவல் வேலையை ஓர் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, அந்த இயந்திரத்தின் கண்ணைத் துடைக்கும் வேலையை வீரையாவுக்குக் கொடுத்தார்.

தோட்டத்துக்கு மூன்று பக்கமும் கிடுகிடு பள்ளம். நாலாவது பக்கம் கேட். தோட்டம், கேட் இரண்டையும் பார்த்தபடி கம்பத்தின்மேல் இயந்திரம் நின்றது. அசைவதைக் கீழ்க்கண் பார்க்கும். உயரத்தை மேல்கண் அளக்கும். குட்டையென்றால் பன்றி, துப்பாக்கியிலிருந்து பால்ரஸ் இரும்புக் குண்டு பாயும். உயரமென்றால் மனிதர், போகலாம். இந்த அளவில் காட்டுமாடுகளும் மனிதராகிவிட்டதால், அவை குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுப் போயின.

அந்த வருடம் கரண்ட் போவது செய்தியில்லை, வருவதுதான் செய்தி. பேட்டரி இறங்கும்போது மேல்கண் முதலில் அணைகிற மாதிரி இன்ஜினியர் சிக்கனமாக அமைத்திருந்தார். துப்பாக்கி கடைசிவரை விழித்திருக்கும், அசைவதெல்லாம் அதற்குப் பன்றிதான். இரக்கம்தான் கரண்ட்டை அதிகம் குடிக்கும் போலிருக்கிறது.

ஒரு வியாழக்கிழமை காலையில், வீரையா உள்ளே களை எடுக்கும்போது, மேல்கண்ணின் பச்சை விளக்கு அணைந்தது. கீழே சிவப்பு மட்டும் எரிந்தது. பேட்டரிப் பெட்டியின் சாவி அட்டுவம்பட்டியில், முதலாளி வீட்டில். செல்போனிலும் சார்ஜ் இல்லை. இயந்திரம் கழுத்தை மறுபக்கம் திருப்பிய நேரம் பார்த்துத் தவழ்ந்துபோய்க் காவல் குடிசைக்குள் பதுங்கினார். பேட்டரி முழுசாகச் செத்தால் தப்பிக்கலாம். ஆனால் அது சாகப்போகும் சமயமெல்லாம் கரண்ட் பத்து நிமிடம் வந்து, துப்பாக்கிக்கு மட்டும் தெம்பு ஊட்டிவிட்டுப் போனது.

மதியம் மனைவி லெட்சுமி தூக்குவாளியோடு மேட்டில் தெரிந்தாள்.

"வராத புள்ள! அங்கனயே நில்லு!"

"நேத்து ஏசுனதுக்கு இன்னைக்குச் சோறு வேணாமாக்கும்? ஒங்க ரோசமெல்லாம் நம்மகிட்டதான்!"

"மேல்கண்ணு மூடிக் கெடக்குடி! சுட்டுப்புடும்!"

"தெனம் பாக்குறவளத் தெரியாமயா போகும் அதுக்கு?" கேட்டில் கை வைத்தாள்.

வீரையா குடிசையிலிருந்து குறுக்கே ஓடினார், கைகளை வானத்துக்குத் தூக்கி, முடிந்தவரை உயரமாக. இயந்திரம் கழுத்தைத் திருப்பியது. குண்டு இடுப்பில் இறங்கியது. அந்த ஒரு சூட்டோடு பேட்டரியும் தீர்ந்து சிவப்பு விளக்கு அணைந்தது.

லெட்சுமி அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கம்பத்தைப் பார்த்துக் கத்தினாள்: "சிலோன்ல சுட வந்தவனுக்கு ஒரு மூஞ்சி இருந்துச்சே! கால்ல விழுந்தோம், விட்டுட்டான். ஒன் காலு எங்கன இருக்கு?"

மறுநாள் கரண்ட் வந்ததும் இயந்திரத்தில் சுட்ட கணக்கைக் காட்டும் சின்னத் திரையில் 'பன்றி 7' என்று வந்தது. முதலாளி வருத்தப்பட்டார். "அதை அழிக்க நம்மகிட்ட வசதி இல்லையேப்பா" என்றார்.

இரண்டு மாதம் கழித்து வீரையா மறுபடி கண் துடைக்கப் போனார். வேறு சோலி கிடைக்கவில்லை. இடுப்பு இனி நிமிராது. பச்சை விளக்கு பளிச்சென்று எரிகிற நாளிலும் மேல்கண்ணின் அளவுக்கு அவர் அரையடி குறைவு. அதனால் வெள்ளனே தலையில் ஒரு கேரட் கூடையைக் கவிழ்த்துக்கொண்டுதான் கேட்டைத் தாண்டுகிறார். சாயங்காலம் திரும்பி வரும்வரை அதை இறக்குவதில்லை.