பஸ்ஸில் வந்த கதவு

நாங்கள் மரம் வெட்டுகிறவர்கள். தெற்கேயிருந்து வந்து, சேவூர்ப் பக்கம் தோட்டம் தோட்டமாகக் கருவேல மரங்களை வெட்டி, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் பாய்லருக்கு விறகு அனுப்பிய ஐந்தாறு குடும்பங்கள். மரம் இருக்கும்வரை அதுதான் ஊர். முடிந்தால் அடுத்த தோட்டம். கிளம்பும்போது குடிசைக்கு நட்ட கம்பையும் பிடுங்கி விறகு லாரியில் போட்டுவிடுவோம், எடை கூடும் என்று. ஓலையும் தார்ப்பாயும்தான் எங்களோடு வரும். வாசலுக்குப் பழைய சேலைதான் மறைப்பு.

ஒரு கோடையில் தோட்டக்காரர் தம் பழைய வீட்டை இடித்தபோது, புழக்கடைக் கதவை அம்மா கேட்டு வாங்கினாள். வேப்பம்பலகை, உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். அடுத்த இடத்தில் மாட்டலாம் என்று சாய்த்துவைத்துத் தினமும் துடைத்தாள். சுவரே ஓலை, இதற்குக் கதவு ஒரு கேடா என்று எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும்தான்.

இடம் மாறிய அன்று மாமா அதையும் விறகோடு ஏற்றிவிட்டார். எங்கள் ஆட்களுக்கு மரம் என்றால் நிற்பது ஒன்று, கிடப்பது ஒன்று, கிடப்பதெல்லாம் லோடு. லாரி போன பிறகுதான் தெரிந்தது. டிரைவர் போனை எடுக்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தாள்.

சாயப்பட்டறையில் பாதி லோடு எரிந்து முடிந்திருந்தது. அம்மா விறகுக் குவியலில் ஏறிப் புரட்டினாள். பாய்லருக்குக் கட்டை தள்ளிய வடநாட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாது. அவள் காற்றிலேயே ஒரு கதவைத் திறந்து மூடிக் காட்டினாள். அவர் சிரித்துக்கொண்டே ஓரமாகக் கை காட்டினார். எங்கள் கதவைத் தரையில் கிடத்தி, அதன்மேல் தட்டு வைத்து நான்கு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களே பஸ் நிறுத்தம்வரை தூக்கி வந்தார்கள்.

கண்டக்டர் மறித்தார். "ஏனுங்க, இது பஸ்ஸுங்க. மர லாரி இல்லீங்க."

"அதுக்கும் ஒரு டிக்கெட்டு கிழிங்கண்ணே. நின்னுக்கிட்டே வரும்."

பின்படி அருகே கதவை நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். அவிநாசியில் ஒருவர், "அக்கா, கதவைக் கொஞ்சம் தொறங்க, எறங்கோணும்" என்றார். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் புதுத் தோட்டத்தில் அப்பா கதவை மாட்டிக் கொடுத்தார். அம்மா உள்ளே போய்ச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சரிபார்க்கிறாள் என்று எல்லோரும் நின்றோம். திறக்கவில்லை. மாமா ஓலை இடுக்கில் எட்டிப் பார்க்கப் போனார். அப்பா அவர் தோளைப் பிடித்து வேலைக்கு இழுத்துப் போய்விட்டார். நான் தட்டினேன்.

"கொஞ்ச நேரம் இருந்துட்டு வாரேன்டி. நீ போய் வெளையாடு."

பிறகு நான் எத்தனையோ ஊர்களில் படுத்து எழுந்துவிட்டேன். இப்போது திருப்பூரை ஒட்டிய மண்ணரையில், எட்டுப் பெண்களுக்கு ஒரே அறை. ஒருத்தி சேலை மாற்றினால் மற்றவர்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வோம்.

கதவு மாட்டிய அன்று நான் விளையாடப் போகவில்லை. உள்ளே பாத்திரச் சத்தம்கூட இல்லை. அம்மாவுக்கு என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து, அந்தக் கதவை இரண்டு கையாலும் அறைந்துகொண்டே இருந்தேன், அவள் திறக்கும்வரை.