பிஸ்கட் நிறம்

என் வீட்டுக்காரரை இந்தத் தெருவில் யாரும் மெக்கானிக் என்று சொல்வதில்லை. ‘நாக்கு டாக்டர்’ என்பார்கள். எந்த மோட்டார் சைக்கிள் வந்தாலும் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பட்டறை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், முனையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், நோயாளியை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிற மாதிரி. பார்த்துவிட்டு இன்னதுதான் கோளாறு என்பார். சொன்னால் சொன்னதுதான். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அவரோடு குடித்தனம் நடத்துவது ஒரு வேலை என்றால், அந்தக் கர்வத்தோடு குடித்தனம் நடத்துவது தனி வேலை.

பட்டறையும் என் உதிரிப்பாகக் கடையும் ஒரே ஷட்டருக்குள் இருக்கின்றன. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் அவர் கிரீஸும் கையுமாக. இந்தப் பக்கம் நான், கேபிளும் பல்பும் தொங்குகிற சுவருக்கு முன்னால் ஒரு ஸ்டூலில். இருபத்தெட்டு வருடமாக முகம் பார்க்காமலே பேசிக்கொள்கிறோம். “பதிமூணு ஸ்பேனர் எங்க?” “உங்க கையிலதான் இருக்கும், பாருங்க.” அவ்வளவுதான் பேச்சு. எனக்கு இடுப்பு போய்விட்டது, அவருக்கு முழங்கால். சாயங்காலம் ஷட்டர் இறங்க வேண்டுமென்றால் இரண்டு பேரும் சேர்ந்து இழுக்க வேண்டும். மகள் கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து ஃபோன் செய்து, “போதும்மா, மூடிட்டு வாங்க” என்பாள். மூடிவிட்டு அங்கே போய் மாப்பிள்ளை வீட்டுச் சோபாவில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது?

பழைய வண்டிகளுக்குக் கம்பெனி ஏர் ஃபில்டர் இப்போது லேசில் கிடைப்பதில்லை. அதனால் கூம்பு ஃபில்டர் வாங்கி வைத்திருந்தேன். பெயருக்கு ஏற்றபடி கூம்பு மாதிரி இருக்கும், மேலே வலை. பக்கவாட்டு மூடிக்குள் இருக்கிற பழைய பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, இதை நேராகக் கார்புரேட்டர் வாயில் மாட்டி ஒரு கிளிப்பை இறுக்கினால் தீர்ந்தது. மாட்டுவது பத்து நிமிடம். பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான். காற்று கூடுதலாகப் போவதால் பெட்ரோலையும் கூட்ட வேண்டும். கார்புரேட்டருக்குள் ஜெட் என்று ஒரு பித்தளைத் துண்டு, சுண்டுவிரல் நகத்தளவுகூட இருக்காது. அதன் ஓட்டை வழியாகத்தான் பெட்ரோல் போகிறது. அதை எடுத்துவிட்டு இன்னும் பெரிய ஓட்டை உள்ளதைப் போட வேண்டும். எவ்வளவு பெரியது என்பதைப் பிளக்தான் சொல்லும். நேர்ரோட்டில் முழு வேகத்தில் ஓட்டிச் சட்டென்று எஞ்சினை நிறுத்திப் பிளக்கைக் கழற்றினால், அதன் பீங்கான் பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டும். கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் உள்ளுக்குள் தீய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஒன்றே முக்கால் வருடத்துக்கு முன்பு ரொட்டிக்காரர் வந்தார். பேக்கரியிலிருந்து கடை கடையாக ரொட்டி கொண்டுபோய்ப் போடுகிறவர். ஃபில்டர் பெட்டி விரிசல் விட்டிருந்தது. கம்பெனி சாமான்தான் வேண்டும் என்றார். இல்லை என்றேன். கூம்பு ஃபில்டரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“வேண்டாம்க்கா. இது சத்தம் போடும். விடியக்காலையில ரொட்டிக்காரன் வண்டி உறுமினா தெருவே எழுந்து என்னைத் திட்டும்.”

“உறுமாது. லேசா இருமும், அவ்வளவுதான். மாட்டிட்டுப் போங்க” என்றேன் நான்.

விற்றது நான்தான். இதை நான் மறைக்கப் போவதில்லை. என் வீட்டுக்காரர் மாட்டினார். ஜெட்டை மாற்றி, ஓட்டிப் பார்த்து, பிளக்கை வெளிச்சத்தில் திருப்பி, “அசல் பிஸ்கட்” என்றார். ரொட்டிக்காரர் நிம்மதியாகப் போனார்.

இரண்டு மாதம் கழித்து அந்த வண்டி ஒரு தள்ளுவண்டியில் வந்து சேர்ந்தது. ரொட்டிக்காரர் தன் மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு அவருடைய தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார். நீண்ட மேட்டில் ஏறும்போது எஞ்சின் ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டது. பின் சக்கரம் சுழலாமல் நின்று, இரண்டு பேரும் விழுந்தார்கள். அவருக்குச் சிராய்ப்போடு போயிற்று. அந்தம்மாவுக்கு வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. அவர் துணி தைக்கிறவர்.

கட்டுப்போட்ட கையோடு அந்தம்மாவும் கூட வந்திருந்தார். என் ஸ்டூலை அவருக்குப் போட்டுவிட்டு நான் நின்றுகொண்டேன். அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் எஞ்சினைப் பிரித்தார். பிஸ்டன் சிலிண்டரோடு உருகி ஒட்டியிருந்தது. பிளக்கைப் பார்த்தார். பிஸ்கட் நிறம்தான். ஆக, பெட்ரோல் சரி, தான் பார்த்த வேலை சரி. பிறகு ஆயிலைப் பார்த்தார். பாதிக்கும் கீழே இருந்தது.

“ஆயில் பாக்காம ஓட்டியிருக்கீங்க. எஞ்சின் வறண்டு போய்ப் பிடிச்சிருக்கு. வாரத்துக்கு ஒரு தடவை ஆயில் குச்சியை எடுத்துப் பாக்குறதுக்கு என்ன கேடு?” சத்தமாகத்தான் சொன்னார். அந்தம்மா மெதுவாகத் தலையைத் திருப்பித் தன் கணவரைப் பார்த்தார். ரொட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வண்டியை அப்படியே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு வழக்கம். செத்துப்போன எஞ்சினின் பிளக்கைத் தூக்கிப் போட மாட்டார். ஒரு அட்டைத் துண்டில் செத்த காரணத்தை எழுதி, பிளக்கோடு கட்டிச் சுவர்க் கம்பியில் மாட்டிவிடுவார். தண்ணீர் புகுந்தது, செயின் அறுந்தது, மண் போனது என்று வரிசையாகத் தொங்கும். ரொட்டிக்காரர் பிளக்கும் அங்கே போயிற்று. அட்டையில் ‘ஆயில்’ என்று எழுதியிருந்தார்.

போன மாதம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அவராக வரவில்லை, பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் கேட்டுப் பன்னிரண்டை எடுத்துப் போனபோது நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். முதலில் வலது கண் மட்டும். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் நின்று, “சுவருக்கு எப்ப வெள்ளையடிச்சே?” என்றார்.

“அது வெள்ளையாத்தான் இருக்கு, ஏழு வருஷமா. நீங்களே அடிச்சதுதான்.”

“பழுப்பா இருந்துச்சே.”

“உங்க கண்ணு பழுப்பு” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அப்போது உறைக்கவில்லை, எனக்கும் அவருக்கும்.

ஓய்வு முடிந்து பட்டறைக்கு வந்த முதல் நாள், அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். வாசல் வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பிளக். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பார்த்தார். கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். மறுபடி பொத்தினார். மறுபடி எடுத்தார். சின்னப் பிள்ளை மாதிரி என்ன விளையாட்டு என்று கேட்கலாமென்று வாயைத் திறந்தவள், அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

“இங்க வா. இது என்ன நிறம்?” என்றார்.

“வெள்ளை.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“முட்டை ஓடு மாதிரி இருக்கு. வெள்ளைதான்.”

“பழைய கண்ணுல பிஸ்கட்டாத் தெரியுது” என்றார். அப்படியே ஸ்பேனர் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். பிளக்கில் கட்டியிருந்த அட்டையில் ‘ஆயில்’ என்று அவர் கையெழுத்து.

உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னார். கண்ணில் பழுப்புப் படிந்து எவ்வளவு நாளானதோ, வெளுத்த பிளக்கெல்லாம் அவருக்குப் பிஸ்கட்டாகத் தெரிந்திருக்கிறது. ரொட்டிக்காரர் வண்டிக்குப் போட்ட ஜெட் போதவே போதாது. மேட்டில் எஞ்சின் தீய்ந்து பிடித்துக்கொண்டது. ஆயில் குறைந்ததோ, வண்டி கீழே விழுந்து கிடந்தபோது கொட்டியது. அந்த வண்டியின் ஒரு பக்கம் முழுக்க ஆயில் வழிந்து மண் அப்பியிருந்ததை நானே பார்த்தேன். அவரும் பார்த்தார். பிஸ்கட் நிறத்தைப் பார்த்த பிறகு வேறெதையும் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

இரண்டு வருடத்தில் கூம்பு ஃபில்டர் மாட்டிக்கொண்டு போன வண்டிகள் பதினொன்று. ரொட்டிக்காரருடையதைத் தவிர்த்துப் பத்துக்கும் ஃபோன் போட்டு வரவழைத்தோம். “டாக்டர் என்ன, தானாக் கூப்பிடுறாரு, தொழில் மந்தமா?” என்று கிண்டல் செய்தபடி வந்தார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்து, ஜெட் மாற்றி, ஓட்டிப் பார்த்து, மறுபடி மாற்றி. ஒன்பது நாள் ஆயிற்று. பிளக்கைக் கழற்றியதும் தடுப்புக்கு மேலாக என்னிடம் நீட்டுவார். நான் நிறம் சொல்வேன். தன் கண்ணை நம்பவில்லை, இரண்டையுமே. பத்தில் ஏழு வெளுத்துத்தான் இருந்தன. சாயங்காலமானால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவார். சோறு இறங்காது. எனக்கு அவர்மேல் கோபம், என்மேல் கோபம், அந்தக் கூம்புகளின்மேல்கூடக் கோபம்.

பத்தாவது வண்டி போனதும், “ரொட்டிக்காரர் வீட்டுக்குப் போகணும்” என்றார்.

“எதுக்கு? வண்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. போய்ச் சொன்னா கை சரியாயிடுமா? ஆறின புண்ணைக் கிளறாதீங்க.”

“ஆறிடுச்சுன்னு உனக்கு யாரு சொன்னா?”

“தெருவுல தெரிஞ்சா நாளைக்கு நம்மகிட்ட வண்டி விடுவாங்களா? யோசிச்சீங்களா?”

“யோசிச்சேன்” என்றார். “ஒன்பது நாளா அதைத்தான் யோசிச்சேன். வெக்கமா இருக்கு.”

தனியாக அனுப்ப மனமில்லை. ஷட்டரை இறக்கிவிட்டுக் கூடவே போனேன். விற்றவள் நான்.

அது மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறையும் சமையலறையுமான வீடு. ரொட்டிக்காரர் இப்போது பேக்கரிக்குள்ளேயே தட்டு அடுக்குகிற வேலையில் இருக்கிறாராம். நடந்துதான் போய் வருகிறார். எங்களைப் பார்த்ததும், “வாங்க டாக்டர், வாங்கக்கா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மூலையில் தையல் மெஷின் மூடி போட்டு இருந்தது, மேலே மடித்த போர்வைகள். அந்தம்மா தரையில் உட்கார்ந்து இடது கையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வலது கை மடியில் சும்மா கிடந்தது. எங்களை வாங்க என்று சொல்லிவிட்டு மறுபடி கீரையைப் பார்த்தார். கணவர் பக்கம் திரும்பவே இல்லை. எத்தனையோ வீடு பார்த்தவள் நான். அந்த வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்பது உட்கார்ந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் சுற்றி வளைக்கவில்லை. “அன்னைக்கு நான் சொன்னது தப்பு. உங்க வண்டியில ஆயில் இருந்துச்சு. விழுந்தப்பதான் கொட்டியிருக்கு. நான் போட்ட ஜெட்டுதான் எஞ்சினைக் கொன்னுடுச்சு. என் கண்ணு கெட்டிருந்தது, எனக்கே தெரியல. தப்பு பூரா என்னோடது” என்றார்.

“அந்தச் சாமானை வேண்டாம் வேண்டாம்னு சொன்னவர் கையில திணிச்சது நான்” என்றேன் நானும்.

ரொட்டிக்காரர் நின்றபடியே இருந்தார். “ஆயில் இருந்துச்சா?” என்று கேட்டார்.

“இருந்துச்சு.”

அந்தம்மாவின் கை நின்றுவிட்டது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்போம். அவர் என் வீட்டுக்காரரைத்தான் பார்த்தார்.

“கை போனது போகட்டுங்க. இந்த ஒன்றரை வருஷத்துல நான் இந்த மனுஷனைப் பேசாத பேச்சு இல்ல. பொறுப்பில்லாதவன், கையாலாகாதவன்னு அவங்க அக்கா தங்கச்சி முன்னாடியே பேசியிருக்கேன். அதையெல்லாம் இப்ப நான் எங்க கொண்டு போய்க் கொட்டுறது?”

அவர் சட்டென்று கணவர் பக்கம் திரும்பினார். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

“நீங்க ஏன் வாயே திறக்கல? நான் அவ்வளவு பேசினேனே, ஒரு தடவையாச்சும் ‘ஆயில் பாத்தேன்டி’ன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“முந்தின நாள் பாத்த மாதிரிதான் ஞாபகம் இருந்துச்சு” என்றார் ரொட்டிக்காரர். “ஆனா டாக்டரே சொன்னதுக்கப்புறம், என் ஞாபகம்தான் தப்புன்னு நெனச்சுட்டேன்.”

குத்திக்காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார்.