இத்தாலிக்குப் பாத்த ஷூ

இன்னைக்கு தென்னூர்ல ஒரு கடையில ஷூ போட்டுப் பாத்துட்டிருந்தேன். அடுத்த மாசம் மிலான்ல மகன் வீட்டுக்குப் போறேன்.

அங்கேருந்து ஃப்ளாரன்ஸ், சியன்னா, அப்புறம் திராட்சைத் தோட்டங்கள்னு நாலு நாள் கார்ல சுத்தறதுக்கு, ஒரு வாரமா மேப்பைப் பாத்து நானே பிளான் போட்டு அனுப்பியிருந்தேன். ஒயினுக்காக இல்லீங்க. தொட்டியத்துல வாழைக்கு முட்டுக் கொடுத்து வளந்தவ நான். திராட்சைக் கொடியை அவங்க எப்படிக் கட்டுறாங்கன்னு பாக்கணும்.

அப்பதான் மகன் போன் பண்ணினான்.

"பிளான் சூப்பர்ம்மா. அப்படியே போறோம்."

"போறோம்னா?"

"நானும் அவளும். பாப்பாவத் தூக்கிட்டு அவ்ளோ தூரம் அலைய முடியாதுல்ல? நீ வீட்டுல பாத்துக்கோ."

கடைக்காரர், "ஷூ சரியா இருக்காம்மா?"ன்னார்.

சரியாத்தான் இருந்துச்சு. கழட்டிக் கொடுத்துட்டேன்.

இத்தாலியில வீட்டுக்குள்ளயே நடக்க எந்தச் செருப்பு வசதி? தெரிஞ்சவங்க சொல்லுங்க.